பிறவி மச்சம் என்றார்கள்

சத்தம் முதலில் சுவருக்குள்ளே இருந்து வருகிற மாதிரித்தான் இருந்தது, சிஸ்டர். விளக்கு வைத்தாயிற்று, குழந்தைக்கு ஊட்டியாயிற்று, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தேன். டங் என்று ஒன்று. அப்புறம் ஒன்றுமில்லை. என் பிரமைதான் என்று நினைக்கிற அளவுக்கு நேரம் போயிற்று. மறுபடி டங். யாரோ சுவரை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து பதில் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்கிற மாதிரி.

குழந்தையை இறக்காமலே பின்பக்கம் போனேன். என் மாமனார் புளியங்கட்டை பிளந்துகொண்டிருந்தார். ஒரு வெட்டு. அப்புறம் கோடாலிக் காம்பின் மேல் நெற்றியை வைத்து மூச்சு வாங்குவார். மூச்சு அடங்கினதும் இன்னொரு வெட்டு.

"என்ன மாமா, இருட்டுல?"

"பகல்ல வெயிலு தாங்கலம்மா."

"நமக்குத்தான் கேஸ் இருக்கே. எதுக்கு இவ்ளோ விறகு?"

"தீமிதிக் குண்டத்துக்கு. வேண்டிக்கிட்ட வீட்டு விறகு முதல்ல போவணும்."

"யார் வேண்டிக்கிட்டது?"

என் தோளில் இருந்த மகிழனைப் பார்த்தார். "இவனைத் தூக்கிக்கிட்டு குணாளன் தீ மிதிக்கிறான். கால்புண்ணு ஆறணும்னு நான்தான் வேண்டிக்கிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ மளிகைச் சாமான் வாங்கப் போகிறதைச் சொன்ன மாதிரி, அடுத்த கட்டையை நிமிர்த்தி வைத்தார்.

அன்றைக்கு ஆரம்பித்த நடுக்கம்தான் சிஸ்டர், இன்னும் நிற்கவில்லை. அதனால்தான் ஊர் அடங்கின பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் வந்து பேசுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நான் பிரமிளா. உங்கள் சயின்ஸ் பீரியடுக்கு சார்ட் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவேனே, அந்தப் பிரமிளா. தோல் பாடத்துக்குப் படம் வரைந்தது நான்தான். மேல்தோலுக்கு ரோஸ், உள்தோலுக்கு ஆரஞ்சு, கொழுப்புக்கு மஞ்சள். "உடம்பிலேயே பெரிய உறுப்பு எது, கேர்ள்ஸ்?" என்று நீங்கள் கேட்டபோது எல்லாரும் கல்லீரல் என்றார்கள். நான் மட்டும்தான் தோல் என்றேன். ஞாபகம் இருக்கிறதா?

என்னைக் கட்டிக்கொடுத்தது செஞ்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில். என் வீட்டுக்காரர் குணாளனுக்குச் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை. நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. அம்மா இல்லாமல் அப்பா ஒருத்தர் கையில் வளர்ந்தவர். இந்தத் தெருவில் கான்வென்ட் படிப்பு எனக்கு மட்டும்தான். மாத்திரை அட்டையைக் காட்டி "இது சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்க என்னிடம்தான் வருவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நம்பின வீட்டில் இது நடந்ததே, அதற்காகச் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் அவர் கெண்டைக்காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரைக்கும் தோல் வேறு மாதிரி. காய்ச்சின பாலின் மேல் ஆடை படியுமே, அந்தச் சுருக்கமும் மினுமினுப்பும். ஒரு முடி கிடையாது. கையை வைத்தால் வேர்வை கிடையாது. "இது என்னங்க?" என்று கேட்டேன்.

"பிறவி மச்சம்" என்றார்.

மாமாவும் அதைத்தான் சொன்னார். "பொறக்கும்போதே இருந்ததும்மா." நானும் சரி என்று விட்டேன். பிறவியிலேயே இப்படி வரும், புத்தகத்தில் எங்கேயோ படித்திருக்கிறேன் என்றுகூட எனக்குத் தோன்றியது.

போன மழைக்காலத்தில் பூட்ஸ் உரசி அந்த இடத்தில் ஒரு வெடிப்பு விட்டது. எப்போதும் வெடிக்கும், ஆறும். இந்தத் தடவை ஆறவில்லை. நாணயம் அளவுக்கு இருந்தது, உள்ளங்கை அளவுக்கு வந்தது. ஓரமெல்லாம் தடித்து, வெளிப்பக்கமாக மடிந்து, நடுவில் சதை காலிஃப்ளவர் மாதிரி கிளம்பியிருந்தது. துணி பட்டாலே ரத்தம். அப்புறம் அந்த வாடை. வாடையைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, சிஸ்டர்.

மாமா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்தார். படிக்காத மனுஷன், அவருக்கு அவ்வளவுதான் தெரியும். நான் அதைத் துடைத்துவிட்டு, நம் பள்ளிக்கூடத்து மாதா குகைக் கெபியில் நீங்கள் கொடுத்தீர்களே மந்திரித்த எண்ணெய், அதைத் தடவிக் கட்டுப் போடுவேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, டெட்டால் என்று நினைத்துக்கொள்வார். அவர் கோயிலில் தங்கப் போகிற வரைக்கும் ஒரு நாள் விட்டதில்லை.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். அங்கே தோல் பிரிவில் ஒரு டாக்டரம்மா. என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் பெரியவளாக இருப்பாள். காலைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பழைய தழும்பு மாதிரி இருக்கே. சின்ன வயசுல தீக்காயம் ஏதாவது?"

"இல்லங்க" என்றார் இவர்.

"கொதிக்கிற தண்ணி? எண்ணெய்?"

"இல்லங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "பிறவி மச்சம், டாக்டர். பிறந்ததிலிருந்தே இருக்கு."

இங்கிலீஷில்தான் சொன்னேன். எழுதிக்கொண்டாள். அவள் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "எதுக்கும் ஓரத்துல கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்" என்றாள். என் சித்திக்கு மார்பில் கட்டி என்று ஊசி குத்திப் பார்த்தார்கள், அதற்கப்புறம் மளமளவென்று பரவிவிட்டது, எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். நான் இவர் காதில், "அறுவடை முடிஞ்சு வர்றோம்னு சொல்லுங்க" என்றேன். அப்படியே சொன்னார். அவள் மாத்திரையும் மருந்தும் எழுதிக் கொடுத்தாள். அறுவடை முடிந்தது. பொங்கல் போனது. மாசியும் போனது. கத்தி படாமல் பார்த்துக்கொண்டேனே என்று அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த விறகுச் சத்தம்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அஞ்சலாட்சி அக்காவைப் பிடித்தேன். இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே வாக்கப்பட்டவள். "அக்கா, குழந்தையைத் தூக்கிக்கிட்டு தீ மிதிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் மாட்டாங்க? வேண்டுதல்னா தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. உன் மாமனாரே தூக்கிக்கிட்டு எறங்கினவருதானே."

"யாரைத் தூக்கிக்கிட்டு?"

"யாரையா? உன் புருஷனைத்தான்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு யாரும் சொல்லல?"

சொன்னாள், சிஸ்டர். வாசல் பெருக்கிக்கொண்டே சொன்னாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். இவருக்கு அப்போது நடை பழகுகிற வயசு. அப்பா தூக்கிக்கொண்டு இறங்கினார், பாதியில் கால் மடங்கி விழுந்துவிட்டார். பிள்ளையின் கால் கங்குக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவில்லை. ஏனென்றால் சுத்தமாக விரதம் இருந்தவர்களை அம்மன் சுட மாட்டாள். சுட்டது என்று வெளியே சொன்னால், அந்த வீட்டில் யாரோ விரதத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"யார் கெடுத்தாங்களாம்?"

"அவன் ஆத்தாதான். தீட்டோட புள்ளையத் தொட்டுக் குடுத்துட்டாளாம். ஊரே காறித் துப்புச்சு. பொறந்த வீட்டுக்குப் போனவ திரும்பி வரவே இல்ல. அங்கேயே செத்துப் போனா, பாவம்." விளக்குமாற்றைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ ஜாக்கிரதையா இரு தாயி. கான்வென்ட்டுப் பொண்ணு, மாதா கோயில் எண்ணெயெல்லாம் தேய்க்கிறியாமே. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு உன்னத்தான் பாக்கும்."

எப்படித் தெரிந்ததோ அவளுக்கு.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம், "அது தீக்காயம்தான். எங்களை ஏமாத்திட்டாங்க" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அப்படி ஒரு முகம் நான் பார்த்ததில்லை. கோபம் இல்லை. ரொம்ப நிதானமாகிவிட்டாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உங்கள விட்டிருக்கவே மாட்டேன்" என்றாள். பிறகு ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினாள். என் சார்ட் மாதிரியே மூன்று அடுக்கு. தீ மேல்தோலோடு நின்றால் புதுத்தோல் வந்துவிடும். உள்தோல் முழுக்க வெந்துவிட்டால் அப்புறம் வருவது தோலே இல்லை, ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு மூடி. முடி இல்லை, வேர்வைச் சுரப்பி இல்லை, ரத்த ஓட்டம் கம்மி. நடக்க நடக்க வெடிக்கும். உடம்பு அதைத் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டே இருக்கும். "வருஷக்கணக்கா அதே இடத்தை அடைச்சு அடைச்சு, ஒரு கட்டத்துல எங்க நிறுத்தணும்னு அந்த செல்லுங்களுக்குத் தெரியாமப் போயிடும். அதுதான் தோல் கேன்சர். இவருக்கு அதுவாத்தான் இருக்கும்னு பயப்படறேன்."

"அது மச்சத்துல, வெயில்ல போறவங்களுக்குன்னு படிச்சேனே..."

"தழும்புலயும் வரும். இந்த ரகம் தழும்புக்குள்ள இருக்கிற வரைக்கும் மெதுவா இருக்கும். ஏரிக்கரை மாதிரி அந்தத் தழும்பு கொஞ்சம் தடுத்து வச்சிருக்கும். கரை உடைஞ்சா அப்புறம் வேகமாப் போயிடும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க. தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கான்னு பாக்கணும்."

"சதை எடுத்தா பரவிடாதா, டாக்டர்?"

"எடுத்ததால யாருக்கும் பரவலம்மா. எடுக்காம விட்டவங்களுக்குத்தான் பரவியிருக்கு."

அவள் சொன்னது மாமாவைப் பற்றித்தான், சிஸ்டர். அந்த மனுஷன் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால் இத்தனை மாதம் போயிருக்குமா?

கூட்டிப் போனேன். சதை எடுத்தார்கள். கேன்சர்தான். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டால் பிழைக்க வழி இருக்கிறது, நெறி இன்னும் கட்டவில்லை என்றார்கள். அவர் அழவில்லை. "எப்ப அட்மிட் ஆவணும்?" என்று மட்டும் கேட்டார். உடனே என்றாள் டாக்டரம்மா. "திருவிழா முடிஞ்ச மறுநாள் வந்துடறேங்க" என்றார். அவள் கத்தினாள். இவர் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன் என்று சொன்னேன் அல்லவா. உயர்த்தாமலே பிடிவாதம் பிடிப்பார்.

மாமாதான் புத்தியைக் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். இன்றைக்குச் சாயந்திரம்தான் தெரிந்தது, அப்படி இல்லை என்று. நாளைக்குத் தீமிதி. காப்பு கட்டினவர்கள் வீட்டுக்கு வரக்கூடாது, கோயிலிலேயே தங்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். மஞ்சள் வேட்டியோடு ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுக்கு மேல் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. மகிழன் அவர் மணிக்கட்டில் இருந்த காப்பு நூலைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கப் பார்த்தான். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்க மிதிக்கிறதுன்னா மிதிங்க. பிள்ளையைத் தர மாட்டேன்" என்றேன்.

"மெதுவாப் பேசு, பிரமி."

"பேச மாட்டேன். காலை ஊனி நிக்கவே முடியல உங்களால."

"நிக்க வேணாமே. ஓடினா ஒரு மூச்சு."

"விழுந்துட்டா?"

"விழ மாட்டேன்."

"உங்கப்பாவும் விழ மாட்டேன்னுதான் இறங்கியிருப்பார்."

அவர் குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகக் காப்பிலிருந்து எடுத்துவிட்டார்.

"எங்கம்மா முகம் எனக்கு ஞாபகம் இல்ல. ஒருத்தன் என் காலைப் பாத்தான்னா எங்கம்மாவைத்தான் பேசுவான். அதனாலதான் மச்சம்னேன். உன்கிட்டயும் அதான் சொன்னேன், டாக்டர்கிட்டயும் தீக்காயம் இல்லன்னேன். அடுத்த வாரம் இந்தக் கால் இருக்காது. கட்டைக்கால் வச்சவனை எவன் குண்டத்துல எறங்க விடுவான்? அவ தப்புப் பண்ணலன்னு சொல்ல எனக்கு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

"அதுக்கு நீங்க மட்டும் போங்களேன்."

"பிள்ளையோட எறங்கினப்பதான் அவ மேல பழி விழுந்தது. பிள்ளையோட ஏறினாத்தான் போவும்."

"நீங்க விழுந்தா அந்தப் பழி என் மேல விழும். தெரியுமா உங்களுக்கு? இப்பவே அஞ்சலாட்சி அக்கா ஆரம்பிச்சாச்சு."

அதை அவர் யோசித்திருக்கவில்லை, சிஸ்டர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அதற்குள் பறை முழங்க ஆரம்பித்துவிட்டது. பெரியவர்கள் வந்து, "பொம்பளைங்க கிளம்புங்கம்மா, நேரமாச்சு" என்றார்கள். ஒருவர் மகிழனின் கன்னத்தைக் கிள்ளி, "நாளைக்கு மாப்பிள்ளை நம்ம கூடத்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். விடியற்காலம் குழந்தையைக் குளிப்பாட்டி மஞ்சள் துணி கட்டி எடுத்துப் போக ஆள் வரும் என்றும் அவர்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பையில் நாலு துணியை எடுத்து வைத்தேன். முதல் பஸ்ஸில் உங்களிடம் வந்துவிடலாம் என்றுதான். ஆனால் முதல் பஸ் கோயில் வாசலில்தான் வந்து நிற்கும். அதைத் தாண்டி நான் எப்படிக் குழந்தையோடு ஏறுவது? பையை அவிழ்க்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

இதோ இந்த இடம் வரைக்கும் எழுதினபோது வாசலில் நிழல் தெரிந்தது. மாமா. உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"தூங்கலையாம்மா?"

"இல்ல மாமா."

"எதையோ எழுதிக்கிட்டு இருக்க. எழுது, எழுது."

போகவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எறங்கறவனுக்குப் பெத்தவன்தான் கால் கழுவி விடணும். நீ வந்துட்டுப் போனப்புறம் மஞ்சத்தண்ணி ஊத்தினேன். கட்டைப் பிரிச்சேன். இத்தினி நாளு அவன் எனக்குக் காட்டினதே இல்லம்மா. நான் அரைச்சுக் குடுப்பேன், வாங்கிக்கிட்டுப் போயிடுவான். சதை பூத்துப் போயிருக்கு. எலும்பு வரைக்கும் போயிருக்கும்போல. அந்தக் காலை வச்சிக்கிட்டு..."

நடிக்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

"அன்னிக்கு அவளும் இந்த ரூம்புலதான் இருந்தா" என்றார்.

"யாரு மாமா?"

"குணாளனோட அம்மா. தீட்டும் இல்ல, கீட்டும் இல்ல. புள்ளையக் குடுக்க மாட்டேன்னு உள்ள போய்ச் சாத்திக்கிட்டா. நான்தான் தட்டினேன். அம்மன் மேல சத்தியம் பண்ணேன், விழ மாட்டேன்னு. அழுதேன். ஊரே வாசல்ல நிக்குது. தெறந்துட்டா." இரண்டு கையையும் விரித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். அந்த உள்ளங்கையில் ரேகையே இல்லை, சிஸ்டர். வழுவழுவென்று இருந்தது. பிள்ளையைக் கங்கிலிருந்து அள்ளின கை. இத்தனை நாள் இந்தக் கையில்தான் மகிழனை வாங்கியிருக்கிறார், கொடுத்திருக்கிறார், நான் பார்த்ததே இல்லை. "ஊரு அவளத் திட்டினப்ப நான் வாயத் தெறக்கல."

அப்போது தூரத்தில் பறைச் சத்தம் கேட்டது. அவர் உடம்பு அந்தப் பக்கம் திரும்பியது. தானாகத் திரும்பின மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார்.

"விடிஞ்சா அவங்க வருவாங்க. அவங்களோட நானும் வருவேன். எனக்கு என்னைத் தெரியும்மா. மோளம் அடிச்சா எனக்குப் புத்தி நிக்காது. வந்து தட்டுவேன். உன் கால்ல விழுவேன். நீ தெறக்காத."

"அவர் வந்தா, மாமா?"

"அவனா?" துண்டைத் தோளில் போட்டார். "அவன் காலை நாம ரெண்டு பேரும் காப்பாத்தல. புள்ளையவாவது விடு. அவன் வந்தாலும் தெறக்காத. தாழ்ப்பா போடு. நான் கேக்கணும்."

நாம ரெண்டு பேரும் என்று ஏன் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. வயசானவர், ஏதோ வாய் தவறி வந்திருக்கும்.

கதவை அவரே வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார். போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கிறது. கோயில் பக்கம் பறை நின்றுவிட்டது. குழந்தை தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டுகிறான். நாளைக்கு இவர் தனியாக இறங்குவாரா, இறங்கினால் அந்தக் கால் அவரை அக்கரை சேர்க்குமா, ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூன்று பேரும் போவோமா, எனக்குத் தெரியாது, சிஸ்டர். அவருக்காக ஜெபம் பண்ணுங்கள்.

பேனாவை மூடாமலே வைத்துவிட்டு எழுந்தேன். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டேன். வெள்ளையடித்த சுண்ணாம்பு இறுகிப்போய், அந்தத் தாழ்ப்பாள் லேசில் நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். டங் என்று அது குழிக்குள் இறங்கி விழுந்தது.